பார்லி ஆய்ந்த ஸ்டாட்லர்

நிலத்தை உழுது பயிரிடத் தொடங்கிய நாள்முதல் மனிதன் நல்ல விதையைத் தேடி வந்திருக்கிறான். மேற்கு ஆசியாவின் குன்றுப் பகுதிகளில் ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவன் பயிரிட்ட தானியங்களுள் பார்லியும் ஒன்று. அங்கே காட்டுப் பார்லி இன்றும் தானே முளைத்து வளர்கின்றது. அதன் கதிர் முற்றியதும் மணிகள் தாமாகவே உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும். காட்டுச் செடிக்கு இது நன்மை. அறுவடை செய்ய வந்தவனுக்கோ இழப்பு. என்றோ ஒரு நாள், மணி உதிராத கதிருடைய செடியொன்று அக்கூட்டத்தில் தோன்றியது. அதனைக் கண்டு கொய்து வந்தவர் யாரென எவரும் அறியார். நாம் இன்று காணும் பார்லிப் பயிர் முழுவதும் அத்தகைய செடிகளின் வழி வந்ததே.

தாய்ச் செடியில் இல்லாத பண்பு இவ்வாறு வழித்தோன்றலில் திடுமெனத் தோன்றி, பின்னர் வழிவழியாக நிலைத்து நிற்பதை அறிஞர் திடீர் மாறுதல் என்பர். ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. உயிரின் பண்புகளைத் தாங்கும் ஜீன்கள் அவ்விழைகளில் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஜீனில் நேரும் மாற்றமே செடியில் மாறுதலாக வெளிப்படுகின்றது. ஆனால், இயற்கையில் இது மிக அரிதாகவே நிகழும். எப்பொழுது நிகழும், எந்தச் செடியில் நிகழும் என்று சொல்லவும் இயலாது. இயற்கை தரும்வரை காத்திராமல், மனிதன் தன் முயற்சியால் இம்மாறுதலை உண்டாக்க முடியுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலரும் எழுப்பிய வினா இது. பயிர்களைப் பொறுத்தவரை இதற்குத் தக்க சான்றோடு விடை கண்டவர் அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஜான் ஸ்டாட்லர் ஆவார்.

ஸ்டாட்லர் 1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், மிசௌரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். பெருநகரில் வளர்ந்தவராயினும் அவர் உள்ளம் உழவுத் தொழிலையே நாடியது. முதலில் மிசௌரிப் பல்கலைக் கழகத்திலும், பின்னர் தென்கோடியிலுள்ள பிளாரிடாப் பல்கலைக் கழகத்திலும் பயின்று 1917-இல் பட்டம் பெற்றார். அதன்பின் மீண்டும் மிசௌரிக்கே வந்து, 1922-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். கொலம்பியா நகரிலுள்ள அப்பல்கலைக் கழகமே அவருடைய வாழ்நாட் பணிக்கு நிலைக்களமாக அமைந்தது. அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறைக்கும் அவர் அங்கிருந்தவாறே பணியாற்றினார்.

தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி புகழ் தரக்கூடியதன்று. ஒரே வயலில் பல வகைத் தானியங்களைச் சிறுசிறு பாத்திகளில் விதைத்து, அவற்றுள் எவ்வகை மிகுதியாக விளைகின்றது என்று பிழையின்றி அறிவது எவ்வாறு என்பதையே அவர் முதலில் ஆய்ந்தார். ஒரு பாத்தியின் மண் சிறிது வளமுடையதாக இருந்தாலும், அதில் விளைந்த விதையே சிறந்தது எனத் தவறாக எண்ணிவிடக் கூடும். இத்தகைய ஏமாற்றங்களுக்கு இடங்கொடாமல் கணக்கிட அவர் பழகினார். பின்னாளில் அவர் செய்த ஒவ்வொரு சோதனையிலும் இப்பழக்கம் வெளிப்பட்டது.

1925-இல் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று, கார்னெல் பல்கலைக் கழகத்திலும் ஹார்வர்டு பல்கலைக் கழகத்திலும் ஓராண்டு தங்கினார். மக்காச்சோளத்தின் மரபியலில் அக்காலத்தில் தலைசிறந்து விளங்கிய எமர்சன், ஈஸ்ட் ஆகிய இருவரும் அங்கே இருந்தனர். மிசௌரிக்குத் திரும்பிய பின், பார்லி விதைகளின்மேல் எக்ஸ் கதிரையும் ரேடியத்தின் கதிரையும் பாய்ச்சி, அவற்றின் மரபில் என்ன நிகழ்கின்றது என்று காணும் முயற்சியில் அவர் இறங்கினார்.

பார்லியைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய நுண்ணறிவு புலனாகும். பார்லி தன் மகரந்தத்தையே ஏற்றுக் கருக்கொள்ளும் பயிர். அயற்செடியின் மகரந்தம் கலந்துவிடுமோ என்ற அச்சம் பெரும்பாலும் இல்லை. அதற்குக் குரோமோசோம்கள் பதினான்கே. ஆதலின், ஆராய்வதும் எளிது. இவற்றினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. ஒரு பார்லி விதை முளைத்துத் தூர் கட்டும்பொழுது பல தாள்கள் எழுகின்றன; ஒவ்வொரு தாளும் ஒரு கதிரை ஈனுகின்றது. அத்தாள்களுள் முதன்மையானவற்றின் குருத்துக்கள் விதையின் முளைக்கருவிலேயே தனித்தனியாக அமைந்துவிடுகின்றன. முளைக்கருவில் ஒரு குருத்திலுள்ள அணு மட்டும் எக்ஸ் கதிரால் தாக்குண்டால், அந்தக் குருத்திலிருந்து வரும் கதிரில் மட்டுமே மாறுதலின் வித்து அடங்கியிருக்கும். அதே செடியின் மற்றைக் கதிர்கள் பழைய நிலையிலேயே இருக்கும்.

இதன் பயன் யாது? ஒரு செடியின் வழித்தோன்றலில் புதுமை ஒன்று காணப்பட்டால், அது முன்னமே தாய்ச் செடியின் குருதியில், அதாவது அதன் மரபில், மறைந்து கிடந்ததாக இருக்கலாம் என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வாறு மறைந்து கிடந்திருப்பின், அச்செடியின் எல்லாக் கதிர்களிலும் அது வெளிப்பட வேண்டும். ஒரு கதிரில் மட்டும் வெளிப்பட்டு, உடன்பிறந்த கதிர்களில் வெளிப்படாதிருப்பின், முளைக்கருவில் குருத்துக்கள் தனித்தனியாக அமைந்த பின்னரே அம்மாறுதல் நேர்ந்தது என்பது உறுதியாகும். இவ்வாறு சான்றினைச் செடியே சுமந்து நிற்குமாறு அமைந்தது அச்சோதனை.

ஸ்டாட்லர் காய்ந்த விதைகளிற் சிலவற்றையும், நீரில் ஊறி முளை கட்டிய விதைகளிற் சிலவற்றையும் எக்ஸ் கதிரில் வைத்தார். எக்ஸ் கதிர் படாத விதைகளையும் ஒப்புநோக்கும் பொருட்டு உடன் விதைத்தார். பயிர் முற்றியதும் ஒவ்வொரு கதிரையும் தனியே கொய்து, அதன் மணிகளைத் தனி வரிசையில் மீண்டும் விதைத்தார். ஆயிரக் கணக்கான கதிர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குறிப்பு. பசிய நாற்றுக்கள் நிறைந்த அவ்வரிசைகளுள் சிலவற்றில் மட்டும் வேறுபாடு தென்பட்டது. நான்கு நாற்றுக்கு ஒன்று என்னும் அளவில் வெள்ளை நாற்றுக்களும், சில வரிசைகளில் மஞ்சள் நாற்றுக்களும், வேறு சிலவற்றில் வெளிர்பச்சை நாற்றுக்களும் தோன்றின. நான்கிற்கு ஒன்று என்பது மெண்டல் கண்ட மரபு விதியின் கணக்கு. எனவே, இஃது ஏதோ நோயால் வந்த வாட்டமன்று; ஜீன் மாறியதால் விளைந்தது என்பது தெளிவாயிற்று. எக்ஸ் கதிரின் அளவு மிகமிக மாறுதல்களின் எண்ணிக்கையும் மிக்கது. காய்ந்த விதைகளைவிட முளை கட்டிய விதைகளில் அவை மிகுதியாக நேர்ந்தன.

1927-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், நாஷ்வில் நகரில் கூடிய அறிவியலறிஞர் மாநாட்டில் ஸ்டாட்லர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். மறு ஆண்டில் அவை அச்சேறின. ஆனால், அதற்குள் டெக்சாஸ் மாநிலத்தில் ஹெர்மன் முல்லர் என்பவர், பழ ஈக்களில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் திடீர் மாறுதல்களை உண்டாக்கியதை 1927 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தார். இருவரும் தனித்தனியே உழைத்தவர்கள். பழ ஈயின் ஒரு தலைமுறை ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் முடிந்துவிடும். பார்லியின் ஒரு தலைமுறைக்குத் திங்கள் பல வேண்டும். காலத்தால் முந்தும் போட்டியில் ஈயோடு பயிர் ஓட முடியுமோ? 1946-இல் நோபெல் பரிசு முல்லருக்குக் கிடைத்தது. ஸ்டாட்லரின் பெயரைப் பயிரியல் பயில்வோரையன்றிப் பிறர் மிகுதியாக அறியார்.

அடுத்து அவர் ஓட்ஸ், கோதுமை ஆகிய பயிர்களை ஆராய்ந்தார். இவற்றுள் பதினான்கு குரோமோசோம் உடைய இனங்களும், இருபத்தெட்டு உடையனவும், நாற்பத்திரண்டு உடையனவும் உள்ளன. பதினான்கு உடைய இனங்களில் எக்ஸ் கதிரால் மாறுதல்கள் பார்லியிற்போலவே தோன்றின. இருபத்தெட்டு உடையவற்றில் அவை குறைந்தன. நாற்பத்திரண்டு உடையவற்றில் காண்பதே அரிதாயிற்று. ஒரே பணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜீன்கள் இருக்குமாயின், ஒன்று கெட்டாலும் மற்றொன்று அதன் பணியைச் செய்துவிடுகின்றது என்பதே இதற்கு விளக்கம். 1929-இல் வெளிவந்த இம்முடிவு, ஏனைய பயிர்களை ஆராய்ந்தோர்க்கும் வழிகாட்டியது.

இவ்வளவில் ஸ்டாட்லர் ஒரு பெருங் கதவைத் திறந்துவிட்டதாகவே உலகம் கருதியது. விரும்பிய பயிரை விரும்பியவாறு படைக்கும் காலம் வந்துவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியில் ஸ்டாட்லர் கலந்துகொள்ளவில்லை. தம் வரிசைகளில் தோன்றிய வெள்ளை நாற்றுக்களை அவர் மறந்திலர். பச்சையம் இல்லாத நாற்று விதையிலுள்ள உணவு தீரும்வரை வாழ்ந்து, பின்னர் மடிந்து போகும். எக்ஸ் கதிர் தந்த மாறுதல்களுட் பெரும்பாலானவை இத்தகையனவே. எஞ்சியவற்றிலும் நலிந்த செடிகளே பல. பயிர்களில் இயற்கையாகவே எண்ணற்ற வேறுபாடுகள் இருக்கும்பொழுது, உழவர்க்கு நல்ல விதை தர விரும்புவோர் எக்ஸ் கதிரை நம்புவதைவிட அவ்வேறுபாடுகளை ஆராய்ந்து இணைப்பதே பயனுடையது என அவர் கருதினார். அதனை வெளிப்படையாகக் கூறவும் செய்தார். தாம் கண்டுபிடித்த முறையின் குறையைத் தாமே முன்வந்து சொல்வது எளிதன்று. அவர் சொல்லைக் கேட்டு அமெரிக்கப் பயிர் வல்லுநர் பலர் அம்முயற்சியில் ஆர்வம் குன்றினர் என்பதும் உண்மையே. அவ்வகையில் அவருடைய நேர்மை ஓரளவு தடையாகவும் அமைந்தது எனலாம்.

அவர் உள்ளத்தை அரித்த வினா வேறொன்று. எக்ஸ் கதிரால் ஜீன் உண்மையிலேயே மாறுகின்றதா, அன்றி அழிந்து போகின்றதா? ஓலைச் சுவடியில் ஒரு சொல்லைத் திருத்தி எழுதுவது வேறு. அந்த ஏட்டையே பிய்த்தெறிவது வேறு. இரண்டினாலும் சுவடியின் பொருள் மாறும். ஆனால், புதிய பொருளைத் தருவது முதலாவதே. எக்ஸ் கதிர் செய்வது இவற்றுள் எது?

இதனை அறிய அவர் மக்காச்சோளத்தை நாடினார். மக்காச்சோளக் கதிர் ஒன்றில் நூற்றுக்கணக்கான மணிகள் உண்டு. ஒவ்வொரு மணியும் ஒரு தனிச் சந்ததி. நிறம், தோற்றம் முதலிய பல பண்புகளை மணியிலேயே கண்டுகொள்ளலாம். எக்ஸ் கதிர் பாய்ச்சிய மகரந்தத்தைப் பெண் பூவில் தூவி, விளைந்த மணிகளையும் அவற்றிலிருந்து வளர்ந்த செடிகளையும் அவர் ஆராய்ந்தார். மாறிய செடிகளின் குரோமோசோம்களை நுண்ணோக்கியின் வழியே காண்பதற்குப் பார்பரா மக்ளின்டாக் என்னும் இளம்பெண் 1931-ஆம் ஆண்டுக் கோடையில் மிசௌரிக்கு வந்தார். அக்கலையில் அவருக்கு இணையானவர் அன்று எவருமிலர். குரோமோசோம்களில் துண்டுகள் உடைந்து போயிருப்பதையும், ஒடிந்த முனைகள் ஒட்டிக்கொண்டு வளையங்களாகத் திரிவதையும் அவர் கண்டார். ஸ்டாட்லரின் ஐயம் வலுப்பெற்றது. 1936-இல் மக்ளின்டாக்கிற்கு மிசௌரியிலேயே ஆசிரியப் பதவி கிடைக்குமாறும் ஸ்டாட்லர் செய்தார். பெண்களுக்கு அத்தகைய பதவிகள் எளிதில் கிடைக்காத காலம் அது. மக்ளின்டாக் 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். அதனைக் காண ஸ்டாட்லர் உயிரோடு இல்லை.

எக்ஸ் கதிரினும் மென்மையான புற ஊதாக் கதிரையும் ஸ்டாட்லர் மக்காச்சோள மகரந்தத்தின்மேல் செலுத்திப் பார்த்தார். 1942-இல் பிரெட் ஊபர் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. புற ஊதாக் கதிரின் பல அலைநீளங்களுள் எவை மிகுதியான மாறுதல்களை உண்டாக்கினவோ, அவையே நியூக்கிளிக் அமிலம் மிகுதியாக உறிஞ்சும் அலைநீளங்களாக இருந்தன. ஜீன் என்பது புரதத்தால் ஆனது என்று அறிஞருட் பெரும்பாலோர் நம்பியிருந்த நாட்கள் அவை. அந்நம்பிக்கை தவறு என்பது பிறரால் நிறுவப்பட இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

மனிதன் உண்டாக்கும் மாறுதலை அளக்க வேண்டுமாயின், இயற்கை உண்டாக்குவதையும் அளந்தறிய வேண்டுமன்றோ? ஸ்டாட்லர் அதனையும் செய்தார். மக்காச்சோள மணியில் நிறத்தைத் தோற்றுவிக்கும் ஜீன் ஒன்று பத்து லட்சத்தில் 492 முறை தானே மாறுவதை அவர் கணக்கிட்டார். மணியைச் சுருங்காமல் காக்கும் மற்றொரு ஜீன் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு முறையே மாறியது. மணியின் மாவுப் பொருளை உருவாக்கும் வேறொரு ஜீனோ, பதினைந்து லட்சம் மணிகளை ஆராய்ந்தும் ஒரு முறைகூட மாறவில்லை. இவ்வெண்கள் பல்லாண்டுகள் பாடநூல்களில் இடம் பெற்றன. ஒவ்வொன்றின் பின்னும் வெயிலில் நின்று மகரந்தம் சேர்த்த நாட்களும், மணி மணியாக எண்ணிய இரவுகளும் இருந்திருக்க வேண்டும் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஸ்டாட்லர் ஐயத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சுவீடன் நாட்டின் ஸ்வாலோவ் என்னும் ஊரில் வேறொரு முயற்சி நடைபெற்றது. அங்குள்ள பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நில்சன்-ஏலே என்னும் மூத்த அறிஞரும், ஓக்கே குஸ்தாப்சன் என்னும் இருபது வயது இளைஞரும் 1928-இல் பார்லியின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சத் தொடங்கினர். அவர்களுக்கும் முதலிற் கிடைத்தவை மடியும் நாற்றுக்களே. எனினும், அவர்கள் விடவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின், நெருங்கிய மணிகளும் விறைத்த தாளும் உடைய செடிகள் சில தோன்றின. ஈரமும் காற்றும் மிக்க அந்நாட்டில் உரமிட்டு வளர்த்த பார்லி சாய்ந்து படிந்துவிடும். சாயாத தாள் அங்கே பெரும்பேறு. செருமனியில் பிரைஸ்லேபன், லைன் என்னும் இருவர் சாம்பல் நோயை எதிர்த்து நிற்கும் பார்லியை இம்முறையாற் பெற்று, அதனை 1942-இல் வெளியிட்டனர். இச்செய்திகளெல்லாம் ஸ்டாட்லரின் வாழ்நாளிலேயே நிகழ்ந்தவை. ஆயினும், உழவர் வயலுக்கு அவ்விதைகள் பெருமளவிற் சென்றதை அவர் காணவில்லை.

1953-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க இயற்கையியலார் சங்கத்தின் தலைவராகப் போஸ்டன் நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவின் பொருள், ஜீன் என்பது யாது என்பதாகும். நாம் சோதனையாற் கண்டறியும் ஜீன் வேறு, நம் கற்பனையில் உருவகித்துக்கொள்ளும் ஜீன் வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் பிழைக்கு இடமாகும் என அதில் விளக்கினார். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாமும் பிறரும் மாறுதல் என்று குறித்து வந்தவற்றுள் எத்தனை உண்மையான மாறுதல்கள், எத்தனை வெறும் இழப்புக்கள் என்று இன்னும் துணிந்து கூற இயலாது என்பதே அதன் சாரம். இரத்தப் புற்றுநோயால் 1954-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில் அவர் காலமானார். அச்சொற்பொழிவு அவ்வாண்டின் இறுதியில் அச்சில் வெளிவந்தது.

அதன்பின் சில ஆண்டுகளில் ஸ்வாலோவின் முயற்சி பலித்தது. போனஸ் என்னும் பார்லியிலிருந்து எக்ஸ் கதிரால் பெற்ற பல்லாஸ் என்னும் சாயாத வகையும், மாரி என்னும் விரைவில் முற்றும் வகையும் 1960-ஆம் ஆண்டை ஒட்டி உழவர்க்குக் கிடைத்தன. செக்கோஸ்லோவாக்கியாவில் வால்டிஸ்கி என்னும் பழைய வகையிலிருந்து டயமண்ட் என்னும் வகை உருவாக்கப்பட்டு, 1965-இல் வெளியாயிற்று. தாய் வகையைக் காட்டிலும் அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டையானது. விளைச்சலோ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மிகுதி. ஐரோப்பாவில் பின்னர்த் தோன்றிய நூற்றுக்கும் மேற்பட்ட பார்லி வகைகளில் அதன் மரபு கலந்துள்ளது. பயிர் வல்லுநர் பெருமுயற்சிக்குத் தக்க பயன் தாராது என ஸ்டாட்லர் எண்ணிய முறை, பொறுமையோடு காத்திருந்தோர்க்குப் பயன் தந்தது.

டயமண்டின் குட்டைத் தன்மைக்குக் காரணமான ஜீனை 21-ஆம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தனர். தண்டினை நீளச் செய்யும் ஜிப்பரெல்லின் என்னும் பொருளைச் செடி உருவாக்குவதற்கு வேண்டிய ஜீன் அது. அதில் புதிதாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஏழு எழுத்துக்கள் விடுபட்டுப் போயிருந்தன.